பளபளன்னு வரும் வெளிநாட்டு ஆரஞ்சு... தோலில் பழுப்புக் குழி விழுவது ஏன்?

ராமேஸ்வரத்தில் ஸ்டிக்கர் ஒட்டிய எகிப்து ஆரஞ்சு வாங்கியிருக்கீங்களா? வாங்கும்போது பளபளன்னு இருந்த பழத்தின் தோலில், ரெண்டு மூணு நாளில் பழுப்புக் குழிகள் விழுந்திருக்கும். "மருந்து அடிச்சிருக்கான்" என்பதுதான் நம்ம முதல் சந்தேகம். ஆனால் பல நேரங்களில் காரணம் மருந்து இல்லை, குளிர்!

பழத்துக்கு எதுக்கு குளிர் சிகிச்சை?

மத்திய தரைக்கடல் பழ ஈ, தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடும். புழு சதைக்குள்ளேயே வளரும் என்பதால், மேலே மருந்து தெளித்துப் பயனில்லை. அதனால்தான் பழத்தை நாள்கணக்கில் கடும் குளிரில் வைக்கிறார்கள். அமெரிக்க வேளாண் துறையின் கணக்குப்படி 1.11 டிகிரி செல்சியஸில் 14 நாள், 2.22 டிகிரி என்றால் 18 நாள். கப்பல் கன்டெய்னரிலேயே இதை முடித்துவிடலாம்.

2001-ல் ஸ்பெயின் பழங்களில் உயிருள்ள புழு சிக்கியதும் அமெரிக்கா இறக்குமதியையே நிறுத்தியது. மறு ஆண்டு சிகிச்சை நாட்களைக் கூட்டிய பிறகுதான் மீண்டும் அனுமதி. இந்த ஈ இந்தியாவில் காலூன்றவில்லை. அது நுழையாமல் தடுக்க, 2003-ம் ஆண்டு தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி நாமும் நிபந்தனை போடுகிறோம்.

புழு சாகும்... பழம்?

சிட்ரஸ் பழங்கள் வெப்பமான பகுதியைச் சேர்ந்தவை. அதிகக் குளிரில் தோல் செல்கள் சிதையும். குழி விழும், பழுக்கும், அந்தக் குழி வழியே பூஞ்சை புகும். பாதிப்பு முற்றினால் சதை நீர்த்து, வாடை மாறும்.

இதில் சிக்கலே வேற. குளிரறையில் இருக்கும்வரை காயம் பெரிதாகத் தெரியாது. வெளியே வந்து சூடேறிய பிறகுதான் வெளிப்படும். துறைமுகத்தில் பெட்டியைத் திறக்கும்போது நல்ல பழம். பாம்பன் பாலம் தாண்டி நம்ம ஊர் வெயிலில் இறங்கிய பிறகு குழி! நஷ்டம் ஏற்றுமதியாளருக்கு இல்லை, தள்ளுவண்டிக்காரருக்கு. விதிமுறை எழுதுபவர்கள் இவரைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

மெழுகுப் பூச்சு கொஞ்சம் காப்பாற்றும். கிரேப்ஃப்ரூட் போன்ற பழங்களைக் குளிரூட்டும் முன் 16 டிகிரியில் ஒரு வாரம் வைத்துப் பழக்குவதும் உண்டு. ஆனால் அதுக்கும் நாளும் காசும் ஆகும்.

2022-ல் ஐரோப்பிய ஒன்றியம், ஒருவகை அந்துப்பூச்சிக்காகத் தென்னாப்பிரிக்க ஆரஞ்சுக்கான குளிர் விதியை இறுக்கியது. விவகாரம் உலக வர்த்தக அமைப்பு வரை போனது. ஆர்கானிக் பழங்கள் இந்தக் குளிரைத் தாங்காது என்பது அந்நாட்டு விவசாயிகளின் வாதங்களில் ஒன்று.

சாப்பிடலாமா?

தோலில் மட்டும் குழி, உள்ளே சுளை கெட்டி என்றால் தாராளமா சாப்பிடலாம். பூஞ்சை படர்ந்தாலோ, சதை நீர்த்து வாடை அடித்தாலோ தூக்கிப் போட்டுடுங்க. ரெண்டு நாளுக்குத் தேவையானதை மட்டும் வாங்குவது நல்லது.

எலுமிச்சை இன்னும் மென்மை. 10 டிகிரிக்குக் கீழேயே அதுக்குப் பிரச்னை. வீட்டு ஃப்ரிட்ஜில் வாரக்கணக்கில் கிடக்கும் புளியங்குடி எலுமிச்சையின் தோல் பழுத்துக் குழி விழுவதும் இதே குளிர்க் காயம்தான்.