டைம் மெஷினுக்கு முகம்தான் முக்கியம்!



மலர்க்குழு அண்ணன்மார் "சினிமாவைப் பத்தி எழுதாதலே, உருப்படியா ஏதாவது எழுது" என்றார்கள். நானும் 'நாட்டு முன்னேற்றத்தில் தொழில்நுட்பம்' என்று தலைப்பு போட்டு ஒரு பக்கம் எழுதினேன். எனக்கே தூக்கம் வந்துவிட்டது. அதனால் மனதில் இருப்பதையே எழுதிவிடுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலப் பயணப் படம் என்றால் கோடி கோடியாகக் கொட்ட வேண்டும் என்று நினைக்கிறோம். என் கட்சி வேறு. காசு குறைந்தால்தான் அந்தப் படங்கள் நன்றாக வருகின்றன. மெஷினைப் பெரிதாகக் காட்டப் பணம் இல்லாதபோது, நடிப்பவர்கள்தானே நம்மை நம்ப வைக்க வேண்டும்?

2015ல் வந்த 'இன்று நேற்று நாளை'யைப் பாருங்கள். இயக்குநர் ஆர். ரவிக்குமாருக்கு அது முதல் படம். விஷ்ணு விஷாலும் கருணாகரனும் டைம் மெஷின் கிடைத்ததும் உலகத்தையா காப்பாற்றுகிறார்கள்? தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துக் கொடுத்துக் காசு பார்க்கிறார்கள்! நாமும் அதைத்தான் செய்வோம். (நான் முதலில் கணக்குப் பரீட்சைக்கு முந்தின ராத்திரிக்குப் போவேன். அரியர் அப்படி!) கருணாகரனின் திருதிரு முழியைப் பார்த்துத்தான் நான் அந்த மெஷினையே நம்பினேன்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவில் ஷேன் கேரத் என்பவர் எஞ்சினியராக வேலை பார்த்தவர். சுமார் 7000 டாலரில் 'ப்ரைமர்' எடுத்தார். எழுத்து, இயக்கம், எடிட்டிங், இசை எல்லாம் அவரே. கதாநாயகர்களில் ஒருவராகவும் அவரே நின்றார். 2004ல் சண்டான்ஸ் விழாவில் பெரிய பரிசு வாங்கினார். ஜப்பானில் கியோட்டோ நாடகக் குழு ஒன்று, 2020ல் 'பியாண்ட் தி இன்ஃபினிட் டூ மினிட்ஸ்' எடுத்தது. ஒரு காபிக் கடை, செல்போன் கேமரா, 70 நிமிடம். டி.வி.யில் இரண்டு நிமிடம் கழித்து நடப்பது தெரியும். டி.வி.யில் பேசியதை இரண்டு நிமிடம் கழித்து நடிகர்கள் அப்படியே பேசியாக வேண்டும். லேத்தில் நாம் பிடிக்கும் அளவை விடப் பெரிய துல்லியம் அது!

போன தீபாவளி லீவில் அம்மாவோடு 'கணம்' (2022) பார்த்தேன். சர்வானந்த், இறந்துபோன அம்மாவைக் காப்பாற்ற 1998க்குப் போகிறார். அம்மாவாக அமலா. கூடப் போகும் நண்பர்களில் ஒருவருக்கு, சின்ன வயதில் ஒழுங்காகப் படிக்கவில்லையே என்ற ஏக்கம். என் அம்மா எட்டாவதோடு நிறுத்தப்பட்டு பீடி சுற்ற உட்கார்ந்தவள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான்.

"எம்மா, ஒனக்கு டைம் மெஷின் கெடைச்சா எட்டாவதுக்குப் போவியா?" என்று கேட்டேன்.

அம்மா பீடித் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "அங்க போனாலும் எங்கய்யா இந்தத் தட்டைத்தாம்ல மடியில வைப்பாரு. வெள்ளத்துக்கு மொத நாளு கொண்டு விடு. எலையை மேல தூக்கி வச்சிட்டு வந்துருதேன்" என்றாள்.

2023 டிசம்பர் 17, 18ல் தாமிரபரணி ஊருக்குள் வந்ததை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். பீடி இலையும் தூளும் போச்சு. அம்மா தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தது என் மார்க் ஷீட் இருந்த பையை மட்டும்தான்.

தோழர்களே, கதை நம் கையில் இருக்கிறது! ஒருவன் டிசம்பர் 16 ராத்திரிக்குத் திரும்பிப் போய்த் தெருவில் கதவு கதவாகத் தட்டுகிறான். "மழைதானலே, போய்ப் படு" என்கிறார்கள். இதற்கு எதற்குக் கோடி? பழைய ஸ்டெபிலைசர் பெட்டி ஒன்று போதும். வெல்டிங் நாம் அடிப்போம். குறுக்குத்துறை படித்துறையும், 1843ல் திறந்த சுலோச்சன முதலியார் பாலமும் வாடகை கேட்காது. கதவைத் திறக்கும் முகங்கள் மட்டும் நிஜமாக இருக்க வேண்டும். அந்த முகங்கள் நம் ஹாஸ்டலிலும் நம் தெருக்களிலும் இருக்கின்றன.

மாணவர் பேரவைக்கு என் வேண்டுகோள் இதுதான். அடுத்த ஆண்டு விழாவில் ஸ்பீக்கர் செட்டுக்கும் சீரியல் லைட்டுக்கும் போகும் பணத்தில் ஒரு பங்கை ஒரு குறும்படத்துக்கு ஒதுக்குங்கள். வெள்ளத்தைத் திருப்பி அனுப்ப நம்மால் முடியாது. அடுத்த முறை கதவு தட்டப்படும்போது நாலு பேராவது எழுந்து வருவார்கள் அல்லவா?

முதல் டிக்கெட் என் அம்மாவுக்கு!

- இரண்டாமாண்டு மெக்கானிக்கல் மாணவன்