உப்புக் காற்றில் ‘மாடுலர்’ பர்னிச்சர் தாங்குமா? ராமேஸ்வரம் கடற்கரை வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

பாம்பன் புதிய ரயில் பாலம் 2025 ஏப்ரல் 6-ம் தேதி திறக்கப்பட்டதும் ராமேஸ்வரம் தீவுக்கு மீண்டும் ரயில் ஓடத் தொடங்கியது. யாத்ரீகர்களுக்கு வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விடுவது தீவில் புதிதல்ல. அந்த அறைகளைப் புதுப்பிக்கும்போது இப்போது பலரும் யோசிப்பது, ஆசாரியை வைத்து அலமாரி செய்வதா, அட்டைப் பெட்டியில் வந்து வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் மாடுலர் பர்னிச்சரை வாங்குவதா என்பதுதான்.

விலையை மட்டும் பார்த்தால் மாடுலர் பக்கம் மனம் சாய்வது இயல்பு. ஆனால், “ரெண்டு மழைக்காலம் தாண்டல, அடிப்பலகை பொங்கிடுச்சு” என்ற புலம்பலும் கடற்கரை ஊர்களுக்குப் புதிதல்ல. சிக்கல் எங்கே, எதை மாற்றினால் தாங்கும்?

உப்பு என்ன செய்கிறது?

1914-ல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. முக்கியக் காரணம் அரிப்பு. அதனால்தான் புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள், பாலிசிலாக்சேன் பூச்சு, முழுவதும் வெல்டிங் செய்த இணைப்புகள் எனத் தனிக் கவனம் எடுக்கப்பட்டது.

அதே காற்றுதான் வீட்டுக்குள்ளும் வருகிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால், படிந்திருக்கும் உப்புத்தூள் தானாகவே நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் இது அடிக்கடி நடக்கும். அந்தக் கரைசல் முதலில் பிடிப்பது பலகையை அல்ல, திருகையும் கீலையும்தான். திருகு துருப்பிடித்து ஓட்டை தளர்ந்ததும் கதவு தொங்கும். அந்த இடைவெளி வழியாக ஈரம் பலகைக்குள் போகும்.

மாடுலர் பர்னிச்சரின் பலவீனம் இங்கேதான். ஆசாரி செய்யும் அலமாரியில் மரமும் மரமும் கோர்த்துக்கொள்ளும். பெட்டியில் வரும் அலமாரியில் ‘மினிஃபிக்ஸ்’ எனப்படும் சிறு உலோகப் பூட்டுகள்தான் பெரும்பாலும் மொத்த பாரத்தையும் தாங்குகின்றன.

எந்தப் பலகை?

விலை குறைந்த ரகங்கள் பெரும்பாலும் பார்ட்டிகிள் போர்டில் வருகின்றன. மரத்தூளையும் சீவலையும் பசையோடு அழுத்திச் செய்வது அது. மேலே லேமினேட் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. விளிம்பில் தண்ணீர் ஏறினால் ஊதும், ஊதியது பழைய அளவுக்குத் திரும்பாது. எம்.டி.எஃப் பலகைக்கும் இதே பயம் உண்டு.

சமையலறை சிங்க் அடி, குளியலறைச் சுவரை ஒட்டிய பகுதி, தரையைத் தொடும் அடிப்பெட்டி ஆகியவற்றுக்கு ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் பாதுகாப்பானது. 72 மணி நேரம் கொதிநீரில் வைத்தும் பசை விடாமல் இருக்கிறதா என்று சோதிக்கப்படும் ரகம் அது. கடையில் ‘கமர்ஷியல் பிளை’ என்று தருவது அது அல்ல. படுக்கையறைச் சட்டகம், மேல் அலமாரி போன்றவற்றுக்கு மாடுலரே போதும். எல்லாவற்றையும் ஒரே ரகத்தில் வாங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

பிளைவுட், பார்ட்டிகிள் போர்டு, எம்.டி.எஃப் ஆகியவற்றுக்கு ஐ.எஸ்.ஐ முத்திரையைக் கட்டாயமாக்கும் மத்திய அரசின் தரக் கட்டுப்பாட்டு ஆணைகள் 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தன. எனவே பலகையில் முத்திரை இருக்கிறதா என்று கேட்பது வாங்குபவரின் உரிமை.

பெட்டியைப் பிரித்ததும் என்ன மாற்ற வேண்டும்?

* திருகு, கீல்: பெட்டியில் வருவதை அப்படியே போடாமல் துருப்பிடிக்காத எஃகுக்கு மாற்றலாம். 304-ஐ விட 316 ரகம் கடலோரத்துக்கு நல்லது. அதில் கலந்திருக்கும் மாலிப்டினம்தான் உப்பைத் தாக்குப்பிடிக்க வைக்கிறது. விலை கூடும் என்பதால் ஜன்னலோரம், சமையலறை ஆகிய இடங்களுக்கு மட்டுமாவது 316 போடலாம்.
* வெட்டிய விளிம்பு: சுவர் அளவுக்காகப் பலகையை அறுத்தால் உள்ளே இருக்கும் தூள் வெளியே தெரியும். அன்றைக்கே எட்ஜ் பேண்ட் ஒட்டிவிட வேண்டும். குழாய்க்காகப் போடும் ஓட்டையின் உள்விளிம்பை சிலிகானால் அடைக்க வேண்டும்.
* முதுகுப் பலகை: மெல்லிய ஹார்டுபோர்டுதான் பெரும்பாலும் வரும். ஓதம் ஏறும் சுவரை ஒட்டினால் முதலில் பூஞ்சை பிடிப்பது அதுதான். இரண்டு விரல் இடைவெளி விட்டால் காற்றோட்டம் இருக்கும்.
* கால்கள்: உப்புத்தண்ணீரில் தரை துடைக்கும் வீடுகளில் அடிப்பலகை தரையில் படவே கூடாது. உயரம் மாற்றக்கூடிய பிளாஸ்டிக் கால்கள் சுமார் 10 செ.மீ. வரை தூக்கிக் கொடுக்கும்.

அளவெடுப்பதில் எங்கே தவறுகிறது?

பழைய தரைமேல் டைல்ஸ் ஒட்டினால் அறையின் உயரம் குறையும். அதனால் தரை வேலையும் பூச்சும் முடிந்த பிறகே அளவெடுக்க வேண்டும். புதுப்பூச்சு நன்றாகக் காய்வதற்குள் அலமாரியைச் சுவரோடு பொருத்தினால் அந்த ஈரம் முழுவதும் பலகைக்குப் போகும்.

இன்னொரு கணக்கும் உண்டு. உயரமான அலமாரியைப் பெரும்பாலும் தரையில் படுக்கவைத்துப் பூட்டிப் பிறகு நிமிர்த்துவார்கள். 240 செ.மீ. உயரமும் 60 செ.மீ. ஆழமும் உள்ள அலமாரியின் மூலைவிட்டம் சுமார் 247 செ.மீ. 8 அடி, அதாவது 244 செ.மீ. உயரமுள்ள அறையில் அது நிமிராது. இரண்டு பெட்டிகளாகப் பிரித்து அடுக்குவதே வழி.

சுவரில் பிணைப்பது ஏன் அவசியம்?

அமெரிக்காவில் டிராயர் அலமாரிகள் கவிழ்ந்து குழந்தைகள் உயிரிழந்ததையடுத்து, ஐக்கியா நிறுவனம் 2016-ல் சுமார் 2.9 கோடி அலமாரிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. நம் ஊரில் பலர் பெட்டியில் வரும் சுவர்ப் பிடிப்பைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். பழைய சுண்ணாம்புச் சுவரில் சாதாரண பிளாஸ்டிக் பிளக் பிடிக்காது என்பதால் நீளமான ஆங்கர் தேவைப்படும். குழந்தைகளோடு வரும் யாத்ரீகர்களுக்கு அறை விடும் வீடுகளில் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

செலவு எப்படி?

2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்ட் மீதான ஜி.எஸ்.டி 28-லிருந்து 18 சதவீதமானது. மூங்கில், பிரம்பு பர்னிச்சருக்கு 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. மர பர்னிச்சருக்கு 18 சதவீதம் அப்படியே தொடர்கிறது. உப்பால் உலோகப் பூட்டு கெடும் ஊரில், கட்டிக் கோர்த்துச் செய்யும் பிரம்பு நாற்காலி, மேசை பக்கமும் பார்ப்பதற்கு இது ஒரு காரணம்.

ஆசாரி வேலை என்னாகும்?

பக்கத்து மாவட்டமான தூத்துக்குடியில் சுமார் 1,150 ஏக்கரில் சர்வதேச பர்னிச்சர் பூங்காவுக்கு 2022 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஆலையில் செய்யும் பர்னிச்சரின் வரவு இனி கூடுமே தவிர குறையப் போவதில்லை. ஆனால் ஆலை செய்வது எல்லா ஊருக்கும் ஒரே அளவு. கோணல் சுவர், ஓதம், உப்பு எல்லாம் வீட்டுக்கு வீடு மாறும். திருகை மாற்றுவது, விளிம்பை அடைப்பது, சுவர் கோணலுக்கு ஏற்ப பட்டி அறுத்துப் பொருத்துவது எல்லாம் ஆசாரி கைப்பட வேண்டிய வேலைகள்தான். மாடுலர் வாங்குபவர்கள் அவருடைய ஒரு நாள் கூலியையும் 316 திருகுக்கான செலவையும் முதலிலேயே பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்வது நல்லது. அதைச் சேர்த்த பிறகும் விலை குறைவாக இருந்தால்தான் அது உண்மையிலேயே மலிவு.