வண்டு பறித்த வேலையும் பிள்ளைகளின் படிப்பும்



உங்களில் வயதானவர்களுக்கு ஒரு வேலை நினைவிருக்கலாம். 1970-களில் செம்பனைத் தோட்டங்களில் மரம் மரமாகப் போய்ப் பூவுக்கு மாவு ஊத வேண்டும். ஆண்பூவின் மகரந்தத்தை வெள்ளை மாவோடு கலந்து, பெண்பூவின் மேல் ஊதிவிடுவார்கள். அப்படிச் செய்யாவிட்டால் பல தோட்டங்களில் குலை சரியாகக் காய் பிடிக்காது. செம்பனையின் மகரந்தத்தைக் கொண்டு சேர்ப்பது காற்று என்றுதான் அன்றைய புத்தகங்கள் சொல்லின. இங்கே காற்றால் ஆகாததை மனிதர் செய்ய வேண்டியிருந்தது.

புத்தகம் சொன்னது முழுச் சரியல்ல என்பது பிறகு தெரிந்தது. மலாயாத் தோட்டங்களிலும் ஆப்பிரிக்காவின் கேமரூனிலும் பணியாற்றிய லெஸ்லி டேவிட்சன் என்பவருக்கு ஒரு கேள்வி எழுந்தது. கேமரூனில் யாரும் பூவுக்கு மாவு ஊதவில்லை. ஆனாலும் குலைகள் நன்றாகக் காய்க்கின்றன. ஏன்? பூவின் மேல் மொய்க்கும் சிறு வண்டுகளுக்கு இதில் பங்கு இருக்குமோ என்று அவர் ஐயப்பட்டார். ரஹ்மான் சையத் என்ற பாகிஸ்தானியப் பூச்சியியல் அறிஞர் அதை ஆராய்ந்து, வேலையைச் செய்வது வண்டுதான் என்று காட்டினார். 1981-ல் அந்த வண்டுகள் ஜொகூரில் ஒரு தோட்டத்தில் விடப்பட்டன. அவை வெகு விரைவில் தீபகற்பம் முழுதும் பரவின. காய்ப்பு பெருகியது. மாவு ஊதும் வேலை மறைந்தது.

இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். புத்தகத்தில் இருந்த ஒரு செய்தி மாறியது. அதோடு ஒரு வேலையும் போயிற்று. அந்த வேலையைச் செய்தவர்களுக்கு அது மாறப்போகிறது என்று தெரியவே இல்லை. அறிவு வளர்வது எங்கோ பல்கலைக்கழகத்தில் நடக்கும் சங்கதி அல்ல. அது நம் வாசலுக்கு, நம் சம்பளத்துக்கு வந்து சேருகிறது.

அந்த அறிவு எவ்வளவு வேகமாக வளர்கிறது? அதை அளந்து பார்க்கும் எண்ணம் ஒருவருக்கு நமக்கு மிக அருகில்தான் உண்டாயிற்று. 1940-களின் கடைசியில் சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் கல்லூரியில் டெரக் பிரைஸ் என்ற இளம் ஆங்கிலேயர் கணிதம் கற்பித்தார். கல்லூரியின் நூலகக் கட்டடம் அப்போது ஆயத்தமாகவில்லை. இங்கிலாந்தின் ராயல் சொசைட்டி 1665 முதல் வெளியிட்டு வந்த அறிவியல் ஏட்டின் தொகுதிகளைப் பாதுகாக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. வீட்டுச் சுவரோரமாகப் பத்துப் பத்து ஆண்டுகளாகப் பிரித்து அடுக்கி வைத்தார். பார்த்தால், தொடக்கத்தில் சிறிதாக இருந்த அடுக்குகள் வரவர மேலும் மேலும் உயர்ந்துகொண்டே போயின. வட்டிக்கு வட்டி ஏறுவதுபோல் ஏறியது அந்த உயரம்.

பின்னாளில் அவர் இதை விரிவாக ஆராய்ந்து 1963-ல் நூலாகவே எழுதினார். அறிவியல் எழுத்துகளின் அளவு ஏறத்தாழப் பத்து முதல் பதினைந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை இரட்டிப்பாகிறது என்பது அவர் கணக்கு. அப்படியானால், ஏழு வயதில் முதலாம் ஆண்டுக்குப் போகும் உங்கள் பிள்ளை இருபத்திரண்டு வயதில் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியே வரும்போது, உலகின் அறிவு இரு மடங்காகி இருக்கும். அதற்காகப் புத்தகப் பையையும் இரு மடங்கு கனமாக்க முடியுமா? பிள்ளையின் முதுகு தாங்காது, மனமும் தாங்காது.

இனிப் பத்து காவானுக்கு வருவோம். முன்பு வெல்லஸ்லி மாகாணம் என்று அழைக்கப்பட்ட செபராங் பிறையில் கரும்பு, ரப்பர், செம்பனை எனப் பயிர்கள் மாறி மாறி வந்தன. நம்மவர்களின் உழைப்பு மட்டும் மாறாமல் இருந்தது. அன்றைய தோட்டப்பள்ளி எதற்காக ஏற்பட்டது? பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது 1923-ம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். பல தோட்டங்களில் கங்காணியோ கிராணியோதான் வாத்தியார். கொஞ்சம் எழுத்து, கொஞ்சம் கணக்கு. பால்மரத்தடிக்குத் திரும்பப் போகிற பிள்ளைக்கு அது போதும் என்று நினைத்தார்கள்.

இன்று அந்த மண்ணில் என்ன நடக்கிறது? 2014 மார்ச் 1-ல் திறக்கப்பட்ட இரண்டாவது பாலம், 24 கிலோமீட்டர் நீளத்தில் பத்து காவானைத் தீவோடு இணைக்கிறது. தோட்டமாக இருந்த நிலத்தில் தொழிற்பேட்டை எழுந்திருக்கிறது. 2023-ல் மைக்ரோன் நிறுவனம் அங்கே நினைவகச் சில்லுகளுக்கான புதிய ஆலையைத் திறந்தது. இந்தத் துறையின் வேகத்தைப் பாருங்கள். 1971-ல் இன்டெல் வெளியிட்ட முதல் நுண்செயலியில் ஏறக்குறைய 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. மறு ஆண்டு அந்த நிறுவனம் பினாங்கின் பாயான் லெப்பாசுக்கு வந்தது. இன்று நகம் அளவுள்ள ஒரு சில்லில் ஆயிரம் கோடிக்கு மேல் இருக்கின்றன. அன்று ஒரே ஒரு வேலையைக் கற்றவர், தொடர்ந்து கற்காமல் இருந்திருந்தால் எத்தனை நாள் தாக்குப்பிடித்திருப்பார்? மாவு ஊதியவருக்கு வந்த நிலைதான் இயந்திரத்தின் முன்னால் நிற்பவருக்கும் வரும்.

பள்ளிக்கூடம் மாறவில்லையா என்று கேட்பீர்கள். மாறியது. 1983-ல் கே.பி.எஸ்.ஆர். வந்தது. 2003-ல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்குப் போயின. 2009-ல் அதைக் கைவிட முடிவு செய்தார்கள். 2011-ல் கே.எஸ்.எஸ்.ஆர். வந்தது. 1988 முதல் நடந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-ல் நீக்கப்பட்டது. மறு ஆண்டு பி.டி. 3-ம் போயிற்று. பெயர் மாறியது, புத்தகம் மாறியது, மொழி மாறித் திரும்பியது. ஆனால் ஒரே வகுப்பறையில் இரண்டு ஆண்டு மாணவர்களைச் சேர்த்து வைத்துக் கற்பிக்கும் சிறிய பள்ளியின் ஆசிரியருக்கு இத்தனை மாற்றத்துக்கும் ஏற்ற பயிற்சியும் நேரமும் கிடைத்தனவா? சீர்திருத்தம் என்று பேசுகிறவர்கள் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.

“தேர்வே இல்லையென்றால் என் பிள்ளை எப்படிப் படிக்கும்?” என்று கவலைப்படும் பெற்றோர் பலர். அந்தக் கவலை நியாயமானது. ஏழை வீட்டுப் பிள்ளைக்குத் தன் திறமையைக் காட்ட இருந்த ஏணி அந்தச் சான்றிதழ்தான். வசதியுள்ளவர்கள் வேறு ஏணி வாங்கிக்கொள்வார்கள். ஆயினும், ஐந்து வருடக் கேள்வித்தாளை மனப்பாடம் செய்த பிள்ளை, ஆறாவது கேள்வி வந்ததும் விழித்ததை நாம் பார்க்கவில்லையா? தேர்வு இருப்பதா இல்லாததா என்பதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. தெரியாத ஒன்றைத் தானாகத் தேடிக் கற்க உங்கள் பிள்ளைக்குத் தெரியுமா?

புதிய பாடம் ஒன்றைச் சேர்க்கும்போதெல்லாம் பழைய சுமை ஒன்றை இறக்க வேண்டும். எதை இறக்கினாலும் சிலவற்றை இறக்கக் கூடாது. படித்ததைப் புரிந்துகொள்வது, கணக்கின் காரணம் அறிவது, அளந்து பார்ப்பது, “இது எப்படித் தெரியும்?” என்று கேட்பது. தமிழில் தெளிவாகச் சிந்தித்து, மலாயும் ஆங்கிலமும் தடுமாறாமல் வாசிப்பதும் அதில் சேரும். இவை எந்த வண்டு வந்தாலும் பறிபோகாத சொத்து.

அரசாங்கம் செய்வதைச் செய்யட்டும். நாம் செய்யக்கூடியவை மூன்று உண்டு.

ஒன்று: ஆசிரியரைப் பார்க்கப் போகும்போது “எத்தனை மார்க்?” என்பதோடு நிறுத்தாதீர்கள். “புதிய பக்கம் ஒன்றைத் தானே படித்து விளக்குகிறானா?” என்றும் கேளுங்கள். இல்லை என்றால், அதற்கு என்ன செய்யலாம் என்று இருவரும் கூடிப் பேசுங்கள்.

இரண்டு: தினமும் கால் மணி நேரம் பிள்ளை படித்ததை உங்களுக்குச் சொல்லட்டும். உங்களுக்குப் படிப்பில்லை என்று கூச்சப்படாதீர்கள். நீங்கள் அறிந்ததைக் கேள்வியாகப் போடுங்கள். பால்மரத்தை ஏன் விடியற்காலையில் வெட்டுகிறோம்? கோடு ஏன் சாய்வாகப் போகிறது? விடையைத் தேடிவரச் சொல்லுங்கள். மரத்துக்குள் நீரழுத்தம் விடியலில் மிகுதி என்று பிள்ளை கண்டுபிடித்து வந்து சொன்னால், அது பத்துப் பக்கம் மனப்பாடம் செய்ததற்கு மேல்.

மூன்று: கைப்பேசியில் பார்த்தேன் என்று பிள்ளை சொன்னால், “சொன்னது யார்? வேறு எங்கே இதைச் சரிபார்த்தாய்?” என்று கேளுங்கள். அச்சில் வந்த புத்தகமே தவறியபோது கைப்பேசி எம்மாத்திரம்?

தோட்டம் தொழிற்பேட்டை ஆயிற்று. நாளை அது என்ன ஆகும் என்று எவராலும் சொல்ல முடியாது. எது வந்தாலும் கற்றுக்கொள்வேன் என்ற தெம்பைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டால், நிலம் கைமாறினாலும் பிள்ளையின் வாழ்வு கைநழுவாது. இன்று மாலை பள்ளி விட்டு வந்ததும் அந்த முதல் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.