வாழைக்கு வேண்டியது 13 டிகிரி

கொடைக்கானல் பேரிக்காயைப் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டிய குளிரில் மாதக்கணக்கில் வைக்கலாம். ஆதிச்சநல்லூரில் தாமிரபரணிப் பாசனத்தில் நான் போடும் வாழைக்கு அந்தக் குளிர் ஆகாது. 13 டிகிரிக்குக் கீழே போனால் தோல் கறுத்துவிடும், காயும் ஒழுங்காகப் பழுக்காது.

திருச்சியில் 1993 முதல் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்குள்ள அறிவு வயலுக்கு வந்து சேர வேண்டாமா? தாரை அப்படியே லாரியில் அடுக்குகிறோம். உரசிய இடமெல்லாம் மறுநாள் கறுக்கிறது, வியாபாரி சீப்புக்குச் சீப்பு கழிக்கிறார். வெட்டிய தாரை வைத்திருக்க வழியில்லாதவன் விலை பேச முடியாது.

காயைப் பழுக்கவைக்கும் கார்பைடு கல்லுக்குத் தடை போட்டது சரிதான். அனுமதித்த எத்திலீன் வாயுவில் பழுக்கவைக்க மூடிய அறை வேண்டுமே! சிறு விவசாயி தனியாகக் கட்ட முடியாது. ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்துக்கு அந்த வசதியும் சேர்ந்த பொதுக் குளிர் அறையை அரசு கட்டட்டும். வாடகை கொடுக்க நாங்கள் தயார்.