நூறா... தொண்ணூற்றொன்பதா?

கேஷ் கவுன்ட்டரில் மிஷின் 'பர்ர்ர்' என்று ஓடி 99 என்று காட்டினால் எல்லோரும் யாரைப் பார்ப்பார்கள்? கட்டைக் கொடுத்தவரை. மறுபடி போட்டால் 100. உடனே எல்லோரும் கேஷியரைப் பார்ப்பார்கள். மிஷினை யாரும் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டியது அதைத்தான் சார்!

உள்ளே பூதம் ஒன்றும் உட்கார்ந்திருக்கவில்லை. ஒரு ரப்பர் உருளை நோட்டை இழுக்கும். எதிரே இன்னொன்று, ரேஷன் கடை க்யூவில் அதட்டுகிறவர் மாதிரி, 'ஒவ்வொருத்தராப் போங்க' என்று அடுத்த நோட்டைப் பிடித்து நிறுத்தும். வழியில் ஒரு குட்டி விளக்கு, அதற்கு எதிரே சென்ஸார் என்கிற கண். நோட்டு குறுக்கே போனால் வெளிச்சம் மறையும், ஒன்று. மறுபடி மறைந்தால் இரண்டு. அளவுக்கு மீறி இருட்டினால் 'ரெண்டு ஒட்டிக்கிட்டு வருது' என்று நின்றுவிடும். அவ்வளவுதான் அதன் கணக்கு.

நம் நோட்டு பருத்தியில் செய்தது. ஓடும்போதே பஞ்சு உதிரும். கூடவே மளிகைக்கடை மஞ்சள்தூள், உண்டியல் விபூதி எல்லாம் அந்தக் கண்ணில் போய் அப்பிக்கொள்ளும். அப்புறம் எண்ணிக்கை எப்படி உருப்படும்?

வைத்தியம் சுலபம். தினமும் வேலை முடிந்ததும் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, பிரஷ்ஷால் கண்களையும் நோட்டு ஓடும் பாதையையும் துடையுங்கள். ரப்பர் வழவழவென்று ஆகியிருந்தால் துணியில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, காய்ந்த பிறகு ஓட்டுங்கள். 'கிறீச்சுனு சத்தம் வருதே' என்று தேங்காய் எண்ணெய் விடுகிற புண்ணியவான்கள் உண்டு. ரப்பரில் எண்ணெய் பட்டால் பிடிப்பு போச்சு!

துடைத்தும் நோட்டு ஜோடி ஜோடியாக வருகிறதா? திருகு உள்ள மிஷினில் உருளை இடைவெளியை ஒரு துளி குறையுங்கள். சிக்குகிறதா, ஒரு துளி கூட்டுங்கள். ஒற்றை நோட்டைச் செருகி இழுத்தால் லேசாகப் பிடித்து, கிழியாமல் வர வேண்டும். அதுதான் பதம். ரப்பர் தேய்ந்துபோயிருந்தால் திருகிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

நோட்டுப் பக்கமும் தப்பு உண்டு. கட்டில் பின் அடிக்காதீர்கள் என்று ரிசர்வ் வங்கி 2001-லேயே வங்கிகளுக்கு உத்தரவு போட்டது. ரப்பர் பேண்டை எடுத்து, மடிந்த காதுகளை நீவி, கட்டை விசிறி மாதிரி விரித்துப் போடுங்கள். பழைய நூறு 157 மில்லிமீட்டர் நீளம். ஊதா நூறு 142 தான். இரண்டையும் கலந்து போட்டால் சில மிஷின்கள் 'அரை நோட்டு' என்று அலறும்.

'கீக்' என்று கத்தினாலே கள்ள நோட்டு என்று ஆளை முறைக்க வேண்டாம். சாதாரணக் காகிதம் புறஊதா விளக்கில் நீலமாக ஒளிரும், நல்ல நோட்டு ஒளிராது. ஆனால் வேட்டியோடு சோப்புத் தூளில் குளித்து வந்த நல்ல நோட்டும் ஒளிரலாம். பாவம், வேட்டிக்காரரைத் திருடனாக்கிவிடாதீர்கள்!

சாயங்காலம் ஐந்நூறு ரூபாய் குறைந்தால் பெரும்பாலும் கேஷியர் பையிலிருந்துதான் போகும். அதனால் இரண்டு தடவை போட்டும் எண்ணிக்கை மாறினால், கூச்சப்படாமல் கையால் எண்ணிவிடுங்கள். கட்டின்மேல் கையெழுத்துப் போடுவது மிஷின் இல்லையே!