பெட்டிக்கு எந்த மூலை?

இல்லங்களை மந்திரிக்கச் செல்லுமிடமெல்லாம், திருஇருதய ஆண்டவர் படத்திற்குக் கீழே தொலைக்காட்சியும், அதனருகே மூலையில் ஒரு கரிய பெட்டியும் இருக்கக் காண்கிறோம். சப்-வூஃபர் என்பார்கள். தாழ்ந்த ஓசைகளுக்கென்றே அமைந்தது அது. பேராலயங்களின் பைப் ஆர்கனில் 16 அடிக் குழாயின் அடிச்சுரம் நொடிக்கு ஏறத்தாழ 33 அதிர்வுகள் கொண்டது. இப்பெட்டியின் ஆட்சியும் அப்பகுதியில்தான். ஏன் மூலையில் வைத்தீர்கள் என்று கேட்டால், "அங்கேதான் சாமி, வழியை அடைக்காமல் இருக்கிறது" என்று விடை வரும்.

வழியை அடைக்கவில்லை, செவியை அடைக்கிறது. நொடிக்கு 40 அதிர்வுள்ள ஓசையின் அலை ஏறத்தாழ 28 அடி நீளம். 14 அடிக் கூடத்தில் அதன் பாதி சரியாக அடங்கிவிடுகிறது. முன்சுவருக்கும் பின்சுவருக்கும் இடையே அது மோதித் திரும்பி, சுவரோரங்களில் பெருகி, நட்டநடுவில் ஏறக்குறைய அற்றுப்போகும். மூலையில் வைத்த பெட்டி இத்தகைய முழக்கங்களையெல்லாம் ஒருங்கே தூண்டிவிடும். சிமெண்டுச் சுவர் அவற்றை எளிதில் விழுங்காது. திரைச்சீலை தொங்கவிட்டாலும் பயனில்லை.

இனி, இதன் விளைவைப் பாருங்கள். நடுக்கூடத்தில் அமர்ந்த மகனுக்கு முழக்கம் போதவில்லை; கூட்டுகிறார். கோவிலுக்கு வர இயலாமல் தொலைக்காட்சியில் திருப்பலி காணும் தாயின் நாற்காலியோ பின்சுவரை ஒட்டிக் கிடக்கிறது. "ஓசை வருகிறது சாமி, சொல் விளங்கவில்லை" என்று அத்தகைய மூதாட்டி ஒருவர் நம்மிடம் முறையிட்டார். அம்மாவுக்குக் காது மந்தம் என்றார் மகன். அது பாதி உண்மை. முதுமையில் முதலில் குறைவது மேல்சுரக் கேள்வி. சகரம், தகரம் போன்ற ஒலிகளைப் பிரித்தறிவது அதனால்தான். எஞ்சியிருந்ததையும் முழக்கம் மூடிவிட்டது.

செலவில்லாத வழி ஒன்றுண்டு. பெட்டியைக் கேட்பவரின் நாற்காலியில் வைத்து, கீழ்ச்சுரங்கள் ஏறியிறங்கும் பாடலொன்றை ஒலிக்கவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து செல்லவேண்டும். (பிள்ளைகளிடம் இவ்வேலையைக் கொடுத்தால் மகிழ்ச்சியாகச் செய்வார்கள்.) எவ்விடத்தில் சுரங்கள் ஒன்றுபோல் கேட்கின்றனவோ, அங்கே பெட்டியை வைக்கலாம். ஒலி செல்லும் பாதை இருபுறமும் ஒன்றே ஆதலால் இது பலிக்கிறது.

சில கருவிகள் சிறு ஒலிவாங்கியைக்கொண்டு அறையை அளந்து தாமே திருத்திக்கொள்கின்றன. நல்லதுதான். ஆயினும் மிகுந்ததைக் குறைக்க அவற்றால் இயலும்; அற்றுப்போன இடத்தை நிரப்ப இயலாது. 10 டெசிபல் கூட்டப் பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். அவ்வளவு கொடுத்தாலும் எதிரலையும் உடன் வளர்ந்து அதை அழித்துவிடும். மேலும், ஒலிவாங்கி வைத்த இடத்திற்கே அத்திருத்தம் பொருந்தும். ஆகவே மின்விசிறியை நிறுத்திவிட்டு, செவியளவு உயரத்தில், முதலில் பின்சுவரோர நாற்காலியிலும் பிறகு மற்ற இருக்கைகளிலும் அளவெடுப்பது முறை. திருப்பலி நேரத்தில் பெட்டியின் குமிழைத் தணித்தே வைக்கலாம். மறையுரைக்கு அது அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை.

அந்த மூதாட்டியின் வீட்டில் பெட்டி மூலையை விட்டுப் பக்கச்சுவரோரமாக மூன்று முழம் நகர்ந்தது. வாசகங்கள் இப்போது விளங்குகின்றனவாம். பெருக்கும்போது இடறுகிறதென்று மருமகள் குறைகூறுகிறார்.