அங்குலத்துக்கு 14 மரை

அமெரிக்காவில் வேட்டைக்காரர்கள் பலர், சுட்டு முடிந்த தோட்டாவின் பித்தளை உறையை எறிந்துவிடுவதில்லை. கையால் இயக்கும் அழுத்து எந்திரத்தில் அதை மீண்டும் அளவுக்குக் கொண்டுவந்து, புதிய பிரைமரும் மருந்தும் குண்டும் ஏற்றிக்கொள்கிறார்கள். 1960களில் வார்த்த எந்திரங்கள் இன்றும் அவர்களது வீட்டுப் பட்டறைகளில் உழைக்கின்றன. 'அந்தக் காலத்து இரும்பு' என்று பெருமூச்சு விடுகிறார்கள். எங்களுக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது.

இரும்பின் பங்கை நாங்கள் மறுக்கவில்லை. ஆங்கில 'ஓ' எழுத்தைப் போல் மூடிய வார்ப்பிரும்புச் சட்டம், பக்கம் திறந்த 'சி' வடிவத்தைப் போல் அழுத்தத்தில் வாய் விரிவதில்லை. அசையும் உறுப்புகளும் சிலவே: கைப்பிடி, இணைப்புத் தண்டுகள், ஏறி இறங்கும் உருளை. அவ்வப்போது எண்ணெய் இட்டால் போதும். ஆனால் அச்சைத் திருகிப் பொருத்தும் துளையையும் பார்க்க வேண்டும். 7/8 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 14 மரை. ஒன்றோடொன்று போட்டியிட்ட நிறுவனங்கள் பலவும் இந்த ஓர் அளவுக்கு இசைந்ததால்தான், பாட்டனாரின் எந்திரத்தில் நேற்று வாங்கிய அச்சும் பொருந்துகிறது. வேறு மரை கொண்ட பழைய கருவிகளுக்கு அச்சு தேடி அலையவேண்டும்; அவற்றின் இரும்பும் நல்ல இரும்புதான். நம் மேசை இழுப்பறையில் கிடக்கும் பழைய செல்பேசி மின்னேற்றிகளும் பழுதாகிவிடவில்லையே!

கொலைக்கருவியின் துணைக்கருவியைப் புகழ்வதா என்று எங்களில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. 1943இல் கலிபோர்னியாவின் ஓரோவில்லில் ஃபிரெட் ஹண்டிங்டன் தொடங்கிய ஆர்சிபிஎஸ் நிறுவனத்தின் பெயரிலேயே, 'ராக் சக்' என்ற மலைவாழ் பிராணியைச் சுடும் குண்டு இருக்கிறது. அந்த உறுத்தலோடுதான் இதை எழுதுகிறோம்.